சீந்தில் கொடி: எதிர்ப்புச் சக்தி தருமா, ஈரலைக் கெடுக்குமா?



லயத்து வீடுகளின் வேலியோரத்தையோ, கோயிலுக்குப் பின்னால் நிற்கும் பலா மரத்தையோ கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெற்றிலை மாதிரி நெஞ்சு வடிவில் இலை, விரல் பருமனில் கொடி, தண்டு முழுக்கப் பரு பருவாக முடிச்சு. பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர் அதைப் 'பாத்தாவாலி' என்பார். இந்தோனேசியாவிலிருந்து வந்து நம்மோடு செம்பனைக் குலை வெட்டுகிற தம்பி 'ப்ரோத்தோவாலி' என்பான். நம்ம ஆட்கள் 'சீந்தில்' என்று சொல்லி முடித்து விடுவார்கள். ஒரு முழம் வெட்டிக் கம்பியில் தொங்கவிட்டால் மண்ணும் தண்ணீரும் இல்லாமலே பல நாள் பச்சையாகக் கிடக்கும். நூல் மாதிரி வேர் விட்டுத் தரையைத் தேடி இறங்கும். சீந்திலுக்கு அமிர்தவல்லி என்று நம் முன்னோர் பேர் வைத்ததற்கு இந்தச் சாகாத குணமும் ஒரு காரணமாக இருக்கும்.

"இதக் குடிச்சா நோயே அண்டாதாமே டிரெஸரே? எதிர்ப்புச் சக்தி ஏறுமாமே?" பெரட்டுக் களத்திலும், மருந்து வாங்க வரும் இடத்திலும், கல்யாணப் பந்தியிலும்கூட என்னிடம் இதைக் கேட்கிறார்கள். 2020 மார்ச் 18இல் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வி பத்து மடங்கு கூடிப் போனது. தமிழ்நாட்டிலிருந்து கபசுரக் குடிநீர் பற்றிய செய்தி கைத்தொலைபேசி வழியாக வீட்டுக்கு வீடு வந்தது. அந்தக் குடிநீரில் சேரும் பதினைந்து சரக்குகளில் சீந்திலும் ஒன்று. பொடி கிடைக்காதவர்கள் வேலிக் கொடியை வெட்டிக் கொதிக்க வைத்தார்கள். கொரோனா போய் விட்டது என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். ஆனால் அந்தக் கஷாயப் பழக்கம் பல வீடுகளில் இன்னும் போகவில்லை.

ஆகவே இந்த மாதம் சீந்திலைப் பற்றியே பேசுவோம். நாட்டு மருந்தைக் கேலி செய்வது என் வேலையல்ல. என் பாட்டியின் சுக்குக் கஷாயத்திலும் தூதுவளை ரசத்திலும் வளர்ந்தவன்தான் நானும். ஆனால் மருந்து என்று ஒன்றைச் சொன்னால், அது என்ன செய்கிறது, யாருக்குச் செய்கிறது, யாரைக் கெடுக்கிறது என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். மாத்திரைக்குக் கேட்கிற கேள்வியைக் கொடிக்கும் கேட்போமே.

எதிர்ப்புச் சக்தி என்றால் என்ன?

பலர் இதை எண்ணெய்த் தோம்பு மாதிரி நினைக்கிறார்கள். குறைந்தால் ஊற்ற வேண்டும், நிறைய ஊற்றினால் நிறைய ஓடும் என்று கணக்கு. அது அப்படியல்ல. நம் தோட்டத்து ஜாகாவை நினைத்துக் கொள்ளுங்கள். இராத்திரி ரோந்து போகிறார். வேலி தாண்டி வருகிறவனை அடையாளம் கண்டு பிடிக்க வேண்டும், தோட்டத்து ஆளை விட்டுவிட வேண்டும். தூங்குகிற ஜாகாவால் திருட்டுப் போகும், அது ஒரு கெடுதல். ஆனால் தலைகால் புரியாமல் தடியைச் சுழற்றுகிற ஜாகா என்ன செய்வார்? பெரட்டுக்கு வருகிற மண்டோரின் மண்டையை உடைத்து விடுவார். இரண்டு பேரையும் வைத்துத் தோட்டம் நடத்த முடியாது.

நம் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் என்று இருக்கின்றன. அவற்றில் சில, கிருமியைக் கண்டால் அப்படியே விழுங்கிச் செரித்து விடும். சில, ஒரு முறை பார்த்த கிருமியின் முகத்தை ஞாபகம் வைத்து, அடுத்த முறை வந்தால் அதற்கென்றே எதிர்ப்பொருளைத் தயாரிக்கும். தடுப்பூசி செய்கிற வேலை இதுதான். திருடனின் படத்தை முன்கூட்டியே ஜாகாவிடம் காட்டி வைப்பது போல.

இந்த வெள்ளை அணுக்கள் ஆள் தெரியாமல் நம் சொந்த உறுப்பையே தாக்குவதும் உண்டு. முடக்குவாதத்தில் மூட்டைத் தாக்குகின்றன. சில தைராய்டு நோய்களில் கழுத்துச் சுரப்பியைத் தாக்குகின்றன. லூபஸ் என்ற நோயில் தோல், சிறுநீரகம் என்று பல இடங்களைத் தாக்குகின்றன. ஈரலையே தாக்குகிற வகையும் இருக்கிறது. இவர்களுக்கெல்லாம் குறை சக்தியில் அல்ல, சக்தி தடம் மாறிப் போனதில் இருக்கிறது. இவர்களிடம் போய் "எதிர்ப்புச் சக்தியை ஏத்துங்க" என்று சொன்னால், வெறி பிடித்த ஜாகாவின் கையில் இன்னொரு தடியைக் கொடுப்பதாகத்தான் அர்த்தம்.

டிங்கிக் காய்ச்சலை எடுத்துக் கொள்ளுங்கள். அதில் நான்கு வகைக் கிருமி உண்டு. ஒரு வகை வந்து போனவருக்கு வேறு வகை வந்தால், இரண்டாவது முறை ஆபத்து கூடுவதற்குக் காரணமே பழைய எதிர்ப்பொருள் புதுக் கிருமியைச் சரியாக அடக்காமல் அதற்கு உதவி செய்து விடுவதுதான். அதனால் 'சக்தி கூடினால் நல்லது' என்ற ஒரே கணக்கு எல்லா நோய்க்கும் செல்லாது.

ஆராய்ச்சிக்காரர்கள் கண்டது

சரி, சீந்திலுக்கு இந்த ஜாகாவைத் தட்டி எழுப்பும் குணம் உண்டா? உண்டு. அதை மறைத்துப் பேசினால் நியாயமாகாது.

மும்பாயில் உள்ள கே.இ.எம். ஆஸ்பத்திரியின் மருத்துவர்கள் 1980களிலிருந்தே இந்தக் கொடியை ஆராய்ந்தார்கள். விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, கிருமியை விழுங்கும் வெள்ளை அணுக்கள் சுறுசுறுப்பாக வேலை செய்தன. பிறகு, பித்தக் குழாய் அடைத்துக் காமாலை வந்து அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த 30 நோயாளிகளிடம் சோதித்தார்கள். அந்த ஆய்வு 1993இல் வெளியானது. சீந்தில் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களுக்குச் சிகிச்சை நேரத்தில் இரத்தத்தில் கிருமி பரவுவது குறைந்தது, பிழைத்தவர்களும் கூடுதல். நல்ல சேதிதான். ஆனால் 30 பேர் என்பது சின்னக் கணக்கு. அதுவும் ஆஸ்பத்திரிக் கட்டிலில், டாக்டர் கண் முன்னால், அளந்து கொடுத்த மருந்து, குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும். நாம் அடுப்பில் கொதிக்க வைத்து மாதக்கணக்கில் குடிப்பது வேறு கதை.

1999இல் மும்பாய் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் இந்தத் தண்டிலிருந்து 'அராபினோகேலக்டன்' என்ற ஒரு சர்க்கரை இனப் பொருளைப் பிரித்தெடுத்து, அது வெள்ளை அணுக்களைத் தூண்டுகிறது என்று காட்டினார்கள். 2005இல் வெளியான இன்னோர் ஆய்வில், தும்மலும் மூக்கொழுகலுமாக ஒவ்வாமையில் அவதிப்பட்ட 75 பேரில் ஒரு பகுதியினருக்கு எட்டு வாரம் சீந்தில் மாத்திரையும் மற்றவர்களுக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். சீந்தில் சாப்பிட்டவர்களில் பலருக்குத் தொல்லை குறைந்தது. ஒவ்வாமை என்பதே எதிர்ப்புச் சக்தி அளவுக்கு மீறித் துள்ளுவதுதான் என்பதைக் கவனியுங்கள். ஒரு பக்கம் எழுப்புகிறது, இன்னொரு பக்கம் அடக்குகிறது. ஆகவே சீந்தில் சக்தியை 'ஏற்றுகிறது' என்பதைவிட, அதைக் 'கலைத்து மாற்றுகிறது' என்று சொன்னால் பொருத்தமாயிருக்கும். எந்த ஆளுக்கு எந்தப் பக்கம் மாற்றும் என்று வேலியில் எழுதி வைத்திருக்கவில்லை.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லி விடுகிறேன். சீந்தில் குடித்தால் கொரோனா வராது, டிங்கி வராது, எலிச் சிறுநீர்க் காய்ச்சல் வராது என்று காட்டிய நம்பத்தக்க ஆராய்ச்சி எதுவும் இல்லை.

மும்பாயிலிருந்து வந்த எச்சரிக்கை

2020இல் இந்திய அரசின் ஆயுஷ் அமைச்சே கொரோனா காலத்துக்கான பரிந்துரைகளில் சீந்திலைச் சேர்த்தது. இந்தியில் அதைக் 'கிலோய்' என்பார்கள். கோடிக்கணக்கான மக்கள் வீட்டிலேயே கொதிக்க வைத்துக் குடிக்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில் மும்பாயில் ஈரல் மருத்துவர்கள் ஒரு விநோதத்தைக் கண்டார்கள். காமாலையோடு ஆறு பேர் வந்தார்கள். வழக்கமான ஈரல் கிருமிகள் எதுவும் இல்லை. ஆறு பேரும் சீந்தில் குடித்தவர்கள். ஈரலைக் கொஞ்சம் எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், சொந்த வெள்ளை அணுக்களே ஈரலைத் தாக்கியிருக்கும் அடையாளம் தெரிந்தது. 2021இல் இதை எழுதி வெளியிட்டார்கள்.

அது அங்கேயே நிற்கவில்லை. இந்தியாவின் 13 மருத்துவ நிலையங்கள் சேர்ந்து கணக்கெடுத்தபோது இப்படிப்பட்ட 43 பேர் தேறினார்கள். அந்த அறிக்கை 2022இல் வந்தது. குடிக்கத் தொடங்கியதிலிருந்து நோய்க்குறி தெரியச் சராசரியாக 46 நாள் ஆகியிருந்தது. அதாவது ஒன்றரை மாதம்! முதல் வாரம் நன்றாயிருந்தது, இரண்டாம் வாரமும் நன்றாயிருந்தது என்று ஆள் தைரியமாகத் தொடர்ந்து குடித்திருப்பார். அவர்களில் நிறையப் பேருக்கு ஏற்கெனவே ஈரல் கெட்டிருந்தது. சிலருக்கு அது கெட்டிருப்பதே தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் ஆபத்து மிகுதி.

ஆயுஷ் அமைச்சு இதை ஒப்புக் கொள்ளவில்லை. 2021 ஜூலையில் மறுப்பு வெளியிட்டது. சீந்தில் பாதுகாப்பானது, நோயாளிகள் குடித்தது சீந்திலே அல்லாமல், அதைப் போலவே தோற்றமளிக்கும் வேறு கொடியாக இருக்கலாம் என்றது. மருத்துவர்களோ தங்கள் கண்டுபிடிப்பில் உறுதியாக நின்றார்கள். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

நமக்கு அதில் யார் வென்றால் என்ன என்று விட்டுவிடலாமா? முடியாது! ஏனென்றால், அமைச்சு பேர் சொல்லிச் சுட்டிக்காட்டிய அந்த வேறு கொடி எது தெரியுமா? 'டினோஸ்போரா கிரிஸ்பா'. அதாவது, நம் வேலியில் ஏறிக் கிடக்கிற அதே பாத்தாவாலி!

வேலியில் இருப்பது எது?

நாட்டுச் சீந்திலும் பாத்தாவாலியும் ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிகள். ஆனால் ஒரே ஆள் அல்ல. சித்த வைத்தியர் சொல்கிற சீந்திலின் தண்டு பச்சை கலந்தது. மேல் தோல் காகிதம் மாதிரி மெலிசாக உரியும், பெரிய பருக்கள் இருக்காது. பூவில் ஆறு இதழ், பழம் உருண்டு சிவந்திருக்கும். பாத்தாவாலியின் தண்டு சாம்பல் நிறம் கலந்து, தவளை முதுகு மாதிரிப் பருப்பருவாக இருக்கும். ஒடித்தால் பால் போலக் கசியும். பூவில் மூன்று இதழ், பழம் நீண்டு ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். கசப்போ சொல்லவே வேண்டாம், நாக்கில் வைத்தால் மத்தியானச் சோறு வரைக்கும் நிற்கும்.

மலேசியத் தோட்டங்களில் நம் ஆட்கள் 'சீந்தில்' என்று வெட்டி வருவதில் பெரும்பாலும் நான் பார்ப்பது இந்தப் பருக் கொடியைத்தான். நம் தாத்தா பாட்டி கப்பல் ஏறி வந்த இடத்தில், ஊர்க் கொடியைப் போலத் தெரிந்த ஒன்றுக்கு ஊர்ப் பேரைக் கொடுத்து விட்டார்கள். அதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓலைச் சுவடியில் சீந்திலுக்குச் சொன்ன பெருமையெல்லாம் பேரோடு சேர்ந்து கப்பலேறி வந்து இந்தக் கொடியின் மேல் உட்கார்ந்து விட்டது பாருங்கள், அதுதான் சங்கடம்.

பாத்தாவாலியை மலாய்க்காரர்களும் இந்தோனேசியர்களும் தாய்லாந்துக்காரர்களும் காய்ச்சலுக்கும் இனிப்பு நீருக்கும் நெடுநாளாகக் குடித்து வருகிறார்கள். தாய்லாந்தில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். இனிப்பு நீர் உள்ள 40 பேரில் பாதிப் பேருக்கு இந்தக் கொடியின் பொடியை வேளைக்கு ஒரு கிராம், நாளைக்கு மூன்று வேளை, ஆறு மாதம் கொடுத்தார்கள். மற்றப் பாதிக்கு வெறும் பொடி. 2004இல் முடிவு வெளியானது. வெறும் பொடி சாப்பிட்டவர்களைவிடச் சர்க்கரை ஒன்றும் இறங்கவில்லை. ஆனால் கொடிப் பொடி சாப்பிட்டவர்களில் இரண்டு பேருக்கு ஈரல் பாதிப்பைக் காட்டும் இரத்த அளவுகள் ஒரேயடியாக ஏறின. நிறுத்தியதும் இறங்கின. இருபதில் இரண்டு பேர். நம் லயத்தில் இருபது வீடு குடித்தால் என்னவாகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நான் பார்த்த ஒரு நோயாளி

எங்கள் பக்கத்தில் ஒரு அம்மா. வயது ஐம்பதுக்கு மேல். பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து இன்று உரம் போடும் வேலை வரைக்கும் பெரட்டுக்கு ஒரு நாள் பிந்தாதவர். தைராய்டுக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தவர். பேரன் டிங்கியில் படுத்துத் தேறியதும், வீட்டில் எல்லாருக்கும் சக்தி ஏற்ற வேண்டும் என்று தினமும் காலையில் கொடியைத் தட்டிக் கொதிக்க வைத்தார். பிள்ளைகள் கசப்புக்குப் பயந்து இரண்டாம் நாளே ஓடி விட்டார்கள். வீணாக்கக் கூடாது என்று அவர் பங்கையும் சேர்த்து இவரே குடித்தார். இரண்டு மாதம்.

"சோறு எறங்கல டிரெஸரே, சோர்வா இருக்கு" என்றுதான் வந்தார். நான் கண்ணிமையை இழுத்துப் பார்த்தேன். மஞ்சள். சிறுநீர் என்ன நிறம் என்றேன். "கோப்பி ஓ மாதிரி போவுது, வெயில் சூடுன்னு நெனச்சேன்" என்றார். அன்றே மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மருந்து ஏதும் சாப்பிட்டீர்களா என்று அங்கே கேட்டபோது தைராய்டு மாத்திரையை மட்டும் சொல்லியிருக்கிறார். கஷாயத்தைச் சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "அது மருந்தா? எலை தழதான?" என்றார். சொல்லாமல் விட்டதால் டாக்டர்கள் நாலு நாள் வேறு காரணம் தேடிக் கொண்டிருந்தார்கள். நான் கடிதத்தில் எழுதி, மகன் கையில் கொடித் துண்டையும் கொடுத்து அனுப்பிய பிறகுதான் விஷயம் விளங்கிற்று. கஷாயத்தை நிறுத்தி, வெள்ளை அணுக்களை அடக்கும் மருந்தும் கொடுத்து, கண் பழையபடி வெளுக்க மூன்று மாதம் போல ஆனது. அந்த மூன்று மாதமும் சம்பளம் பாதியாகப் போனதை அந்த வீட்டைக் கேட்டால் சொல்வார்கள்.

எல்லாருக்கும் இப்படி ஆகுமா? ஆகாது. குடித்தவர்களில் பெரும்பாலோர் ஒன்றும் ஆகாமல்தான் இருக்கிறார்கள். நன்மையும் இல்லை, தீமையும் இல்லை, கசப்பு மட்டும் மிச்சம். ஆனால் யாருக்கு ஆகும் என்று முன்கூட்டியே முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னாலும் முடியாது, டாக்டராலும் முடியாது. சிலரைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

இவர்கள் தொடவே வேண்டாம்

ஈரல் நோய் உள்ளவர்கள். இதில் சம்சு குடிக்கிறவர்களும் அடக்கம் என்று நான் சேர்த்துச் சொன்னால் கோபித்துக் கொள்ளாதீர்கள், அண்ணன்மார்களே. பல வருடம் சம்சு பார்த்த ஈரல் ஏற்கெனவே பாதி வேலைதான் செய்து கொண்டிருக்கும், வெளியில் தெரியாது. ஹெப்பாடைடிஸ் பி கிருமி இருப்பவர்களும் அப்படியே. நம் நாட்டில் 1989இல்தான் குழந்தைகளுக்கு அந்தத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். அதற்கு முன் பிறந்தவர்களில் சிலருக்குக் கிருமி உள்ளே இருப்பதே தெரியாது. ஒரு முறை இரத்தம் பார்த்துக் கொள்வது நல்லது.

முடக்குவாதம், லூபஸ், தைராய்டு போன்ற நோய் இருப்பவர்கள், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி அதற்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் ஜாகா கதையிலேயே காரணம் சொல்லி விட்டேன்.

காச நோய்க்கு ஆறு மாத மருந்து சாப்பிடுகிறவர்கள் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். அந்த மாத்திரைகளில் சில தாமாகவே ஈரலைச் சிரமப்படுத்தக் கூடியவை. அதோடு கொடியையும் சேர்த்துக் குடித்துக் காமாலை வந்தால், எது கெடுத்தது என்று தெரியாமல் காச மருந்தையே நிறுத்த வேண்டி வரும். காச நோய் மறுபடி தலை தூக்கும், வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கும் பரவும்.

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் குடிக்க வேண்டாம்.

அப்புறம் இனிப்பு நீர்க்காரர்கள். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்த வியாதி இருந்தது. இந்தியர்களிடம் அதைவிட அதிகம். சீந்தில் வகைக் கொடிகள் சிலருக்குச் சர்க்கரையைத் திடீரென்று இறக்கலாம். காலையில் மாத்திரையும் போட்டு, கஷாயமும் குடித்து, பசியாறாமல் வெறும் கோப்பியோடு காட்டுக்குப் போகிறவர் பத்து மணிக்கு வேர்த்து, கை நடுங்கி விழுந்தால், அங்கே யார் பார்ப்பது? இன்னொரு கூட்டம் கஷாயத்தை நம்பி மாத்திரையை நிறுத்துகிறது. சர்க்கரை ஏறிக் கிடந்தால் வெள்ளை அணுக்கள் மந்தமாகி விடும், காலில் பட்ட சின்ன முள்ளும் புண்ணாகும். சக்தி ஏற்றப் போய்ச் சக்தியை இறக்குகிற வேலை இது.

போத்தலில் வருவது

வேலிக் கொடியாவது கண்ணுக்குத் தெரிகிறது. இப்போது பொடியாகவும் மாத்திரையாகவும் போத்தலில் வருகிறது, பசார் மாலாமிலும் கைத்தொலைபேசியிலும் விற்கிறார்கள். பாரம்பரிய மருந்துகளை அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 1992இல் வந்தது. பதிவான போத்தலில் 'மால்' என்று தொடங்கி, எட்டு எண்களும், கடைசியில் 'டி' என்ற எழுத்தும் இருக்கும். ஒட்டியிருக்கும் பாதுகாப்பு முத்திரையையும் பாருங்கள். இவை இருந்தால் மருந்து கண்டிப்பாக வேலை செய்யும் என்று பொருளல்ல. உள்ளே விஷமோ திருட்டு மருந்தோ கலக்கவில்லை என்பதற்கு ஓரளவு காவல், அவ்வளவே.

திருட்டு மருந்து என்று ஏன் சொல்கிறேன் என்றால், மூட்டு வலிக்கும் 'உடம்பு சக்திக்கும்' என்று விற்கிற சில பதிவில்லாத சரக்குகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. சாப்பிட்ட மறுநாளே வலி பறந்து விடும், பசி எடுக்கும், முகம் உருண்டு பொலிவாகும். "மூலிக என்னமா வேல செய்யுது!" என்று நான்கு பேருக்குச் சொல்வார்கள். வேலை செய்தது மூலிகையல்ல. அந்த ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியையே அடக்கிப் போடும், சர்க்கரையை ஏற்றும், எலும்பை அரிக்கும், திடீரென்று நிறுத்தினால் ஆளையே சாய்க்கும்.

நீரிழிவு, புற்றுநோய் ஆகியவற்றைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அப்படி எழுதி விற்கிறவன் முதலில் சட்டத்தை ஏமாற்றுகிறான். உங்களை ஏமாற்ற அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

இப்போது குடித்துக் கொண்டிருப்பவர்களுக்கு

பயந்து அலற வேண்டாம். நிறுத்துங்கள், அவ்வளவுதான். இந்தக் கொடியைத் திடீரென்று நிறுத்துவதால் கெடுதல் கிடையாது. பசியின்மை, குமட்டல், உடம்பெல்லாம் அரிப்பு, தேத்தண்ணி நிறத்தில் சிறுநீர், வெளுத்த மலம், கண்ணில் மஞ்சள் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே வாருங்கள். அல்லது அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு அங்கே ஒரு வெள்ளிதான். வெளிநாட்டுத் தோழர்களுக்குக் கட்டணம் வேறு. அவர்களை என்னிடம் முதலில் அனுப்புங்கள். ஈரல் இரத்தச் சோதனை ஒன்று எடுத்தால் பாதி விஷயம் தெரிந்து விடும்.

காமாலை வந்ததும் கீழாநெல்லியை அரைக்க ஓடாதீர்கள். ஹெப்பாடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே இறங்கும். பேர் மட்டும் கீழாநெல்லிக்குப் போய்ச் சேரும். ஆனால் எலிச் சிறுநீர்க் காய்ச்சலில் வருகிற காமாலை அப்படிக் காத்திருக்காது. காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்கால் வலியோடு மஞ்சளும் சேர்ந்தால் ஆஸ்பத்திரிதான். எலி ஓடும் செம்பனைக் காட்டில், சேற்றுத் தண்ணீரில் நிற்கிற நமக்கு இது தூரத்து நோயல்ல.

எந்த டாக்டரிடம் போனாலும், என்ன இலை, என்ன வேர், எத்தனை நாள், எவ்வளவு என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். கொடித் துண்டையோ போத்தலையோ கையோடு எடுத்துப் போங்கள். சிடுசிடுக்கிற டாக்டரும் இருக்கிறார். நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர் சிடுசிடுத்தாலும் சொல்லி விடுங்கள், ஈரல் உங்களுடையது.

"அப்ப சக்திக்கு என்னதான் செய்றது?" என்றால், புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கு அட்டவணைப்படி ஊசி போடுங்கள். பரங் பட்டுக் கால் கிழிந்தால் மண்ணோடு துணியைச் சுற்றிக் கொண்டு வேலையை முடிக்காமல், கழுவிக் கொண்டு ஊசிக்கு வாருங்கள். ரண ஜன்னியை எந்தக் கஷாயமும் தடுக்காது. முட்டையும் பருப்பும் நெத்திலியும் கீரையும் வேலை செய்கிற ஆளுக்கும் வேண்டும், வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிற தாய்க்கும் வேண்டும். விடியற்காலையில் எழுகிறவர் இரவு பன்னிரண்டு வரை தொடர் நாடகம் பார்த்தால் ஜாகாவும் தூங்கத்தான் செய்வார்.

முடிவாக, போன மாதம் ஒரு தாய் கேட்டு அனுப்பிய கேள்வி. "பாத்தாவாலியைக் கொதிக்க வைத்த தண்ணீரில் பிள்ளையின் சொறி சிரங்கைக் கழுவலாமா?" மேலுக்குக் கழுவுவதால் ஈரலுக்கு ஒன்றும் ஆகாது. மலாய்க்காரர்களும் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் இராத்திரியில் கூடுதலாக அரிக்கிற சிரங்காக இருந்தால் அது தோலுக்குள் குடியிருக்கும் பூச்சி. கழுவினால் போகாது. அதற்கு மருந்துத் திரவம் கிளினிக்கில் இருக்கிறது. ஒரே இரவில் வீட்டில் உள்ள அத்தனை பேரும் கழுத்திலிருந்து கால் வரை தடவ வேண்டும். கைக்குழந்தை இருந்தால் மட்டும் என்னைக் கேட்டு விட்டுத் தடவுங்கள். பாயையும் போர்வையையும் சுடுதண்ணீரில் அலசி வெயிலில் போடுங்கள்.